யாருடைய பெடியள்? லண்டன் நகரமும் சிறுவர் குற்றமும்

1815இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். இருபது வருடங்களுக்கும் மேலாக ஐரோப்பாவை உலுக்கிய யுத்தம் ஓய்ந்தது. படைகளிலிருந்து கலைக்கப்பட்டவர்கள் வேலையின்றி லண்டன் தெருக்களில் நிறைந்தார்கள். அதே ஆண்டில்தான் இந்நகரத்துக் கனவான்கள் சிலர் ஒன்றுகூடி, தலைநகரில் சிறுவர் குற்றங்கள் அச்சந்தரும் அளவுக்குப் பெருகிவிட்டன என்றும் அதன் காரணங்களை ஆராயவேண்டும் என்றும் ஒரு குழுவை அமைத்தார்கள். ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் பட்டுத்தொழில் நடத்திவந்த குவேக்கர் சமயத்தவரான பீற்றர் பெட்போர்ட் அதில் முன்நின்று உழைத்தவர்களில் ஒருவர். குழுவினர் சிறைகளுக்குள் போனார்கள். பெடியன்களிடமே நேரில் கதை கேட்டார்கள். அவர்களுடைய அறிக்கை 1816இல் வெளிவந்தது.

அந்த அறிக்கை காரணங்களை வரிசைப்படுத்தியது. பெற்றோரின் பொறுப்பற்ற நடத்தை, கல்வியின்மை, தகுந்த வேலையின்மை, ஞாயிறு ஆராதனையைக் கைவிட்டுத் தெருவில் சூதாடித் திரிதல் என்பன முதல் வரிசை. எமது ஊர்ச்சங்கக் கூட்டங்களிலோ கோயில் மண்டபத்திலோ 'எங்கட பெடியள் ஏன் இப்படிப் போகுதுகள்' என்ற பேச்சு எழும்போது கேட்கின்ற பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான். தாய் தகப்பன் கவனிப்பதில்லை, படிப்பில் நாட்டமில்லை, கோயில் குளம் இல்லை, கண்டபடி திரிகிறார்கள். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் சொற்கள்கூட அதிகம் மாறவில்லை.

ஆனால் அந்த அறிக்கையில் இரண்டாவது வரிசையொன்றும் இருந்தது. அதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். சட்டத்தின் அளவுமீறிய கொடுமை, பொலிஸ் அமைப்பின் சீர்கேடு, சிறைகளின் நிலை ஆகிய மூன்றும் சிறுவர் குற்றத்தைக் குறைக்கவில்லை, வளர்த்தே விடுகின்றன என்று அக்குழு சொன்னது. பெடியன் கெட்டுப்போவதற்கு வீட்டைப் போலவே அரசும் காரணமாக இருக்கலாம் என்று 1816இல் லண்டனின் கனவான்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான இழுபறியே அதன் பின்னரான இங்கிலாந்துச் சிறுவர் நீதியின் வரலாறு எனலாம்.

அக்காலச் சட்டத்தில் 7 வயது நிரம்பிய எவரையும் குற்றவாளியாக விசாரிக்க முடியும். 7க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை தான் செய்தது பெரும் பிழையென அறிந்தே செய்தது என்பதை வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்கவேண்டும் என்பது மட்டுமே பாதுகாப்பாக இருந்தது. மரணதண்டனைக்குரிய குற்றங்கள் 200க்கும் மேல். 1801க்கும் 1836க்கும் இடையில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நூறுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு மரணதண்டனை தீர்ப்பளிக்கப்பட்டது. அவற்றில் ஒன்றும் நிறைவேற்றப்படவில்லை. தீர்ப்பெழுதிய கைகளே அதை நிறைவேற்றக் கூசின. எனினும் எல்லா இடத்திலும் அந்தக் கூச்சம் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1831இல் கென்ற் மாகாணத்து மெய்ட்ஸ்ரனில் 14 வயதுச் சிறுவன் ஒருவன், இன்னொரு சிறுவனைக் கொன்ற குற்றத்துக்காகப் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டான்.

தூக்கிலிட மனம் வராத அரசு, பெடியன்களைக் கப்பலேற்றியது. இன்று ராஸ்மேனியா எனப்படும் தீவில் 1834 முதல் 1849 வரை பொயின்ற் பியூவர் என்ற சிறுவர் சிறை இயங்கியது. ஏறத்தாழ 3,000 சிறுவர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். 1838இல் வைற் தீவிலுள்ள பார்க்ஹேர்ஸ்ற்றில் சிறுவர்க்கென்றே தனிச்சிறை திறக்கப்பட்டது. சீர்திருத்தம் என்று சொல்லப்பட்ட அந்தச் சிறையில் ஆரம்ப ஆண்டுகளில் பெடியன்களின் கால்களில் இரும்புத்தளை இருந்தது.

இதை எதிர்த்து எழுந்த குரல்களில் முதன்மையானது மேரி கார்ப்பென்ரர் அம்மையாருடையது. பிறிஸ்ரல் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். சிறுவனைப் பெரியவனைப் போல் தண்டிப்பது பிழை, அவனுக்கு வேண்டியது பள்ளியும் பரிவும் என 1851இல் நூலெழுதி வாதாடினார். 1854இல் இளங்குற்றவாளிகள் சட்டம் வந்தது. 16 வயதுக்கு உட்பட்டோரைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பள்ளிக்குப் போகுமுன் குறைந்தது 14 நாட்கள் சிறையில் கிடக்கவேண்டும். 'அடியாத மாடு படியாது' என்று எம்மவர் சொல்வதைத்தான் வெஸ்ற்மின்ஸ்ரரும் நம்பியது. அந்த 14 நாட்கள் முற்றாக ஒழிய 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கார்ப்பென்ரர் அம்மையார் 1866இல் இந்தியாவுக்கும் பயணம் செய்து சென்னையையும் பார்த்தார். பத்து ஆண்டுகளின் பின் 1876இல் இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் இயற்றப்பட்டது. 1920இல் சென்னை மாகாணம் தனியான சிறுவர் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்திய மாகாணங்களில் இவ்வகைச் சட்டத்தில் அதுவே முதலாவது. இலங்கையில் 1939இல் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் உருவானது. இலண்டனில் வெட்டிய அளவில்தான் எமது ஊர்களுக்கும் சட்டை தைக்கப்பட்டது.

இங்கிலாந்தில் திருப்பம் 1908இல் வந்தது. லிபரல் அரசின் ஹேர்பேட் சாமுவேல் கொண்டுவந்த சிறுவர் சட்டம், பிள்ளைகளின் வழக்குகளைப் பெரியவர்களின் நீதிமன்றத்திலிருந்து பிரித்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைச் சிறையிலிடுவது நின்றது. 16 வயதுக்கு உட்பட்டவர்க்கு மரணதண்டனை ஒழிந்தது. அதே ஆண்டிலேயே போர்ஸ்ரல் முறையும் சட்டமாகியது. கென்ற்றிலுள்ள போர்ஸ்ரல் கிராமத்துச் சிறையில் தொடங்கியதால் அந்தப் பெயர். 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றப்பொறுப்பு வயதை 8 ஆக்கியது. நீதிமன்றம் பிள்ளையின் நலனைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்றது. பத்திரிகைகள் பிள்ளையின் பெயரை வெளியிடுவதைத் தடுத்தது. 1963இல் அந்த வயது 10 ஆக உயர்ந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதை 14 ஆக உயர்த்த வழிசெய்தது. ஆனால் அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரவேயில்லை.

பிறகு காற்று திசைமாறியது. 1993இல் லிவர்பூலில் இரண்டு வயதுக் குழந்தையொன்றைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் கொன்றார்கள். நாடு முழுவதும் அதிர்ந்தது. 1998இல் வந்த குற்றம், ஒழுங்கீனச் சட்டம், 10க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு நூற்றாண்டுகளாக இருந்துவந்த அந்தப் பழைய பாதுகாப்பையும் நீக்கிவிட்டது. தூக்குமர காலத்தில்கூட இருந்த ஒரு தயவு, புதிய நூற்றாண்டின் வாசலில் இல்லாமல் போனது. இங்கிலாந்தில் இன்றும் அந்த வயது 10தான். ஸ்கொட்லாந்து 2021 முதல் 12. எம்மை ஏதிலிகளாக்கிய இலங்கைகூட 2018இல் அதை 8இலிருந்து 12க்கு உயர்த்திவிட்டது.

சட்டத்தின் கதை இவ்வாறிருக்க, பயத்தின் கதை வேறொன்று. லண்டன் நகரம் எந்தக் காலத்திலும் தன் பிள்ளைகள் எல்லோரையும் பார்த்து ஒரேயளவில் பயப்பட்டதில்லை. கடைசியாக வந்திறங்கியவர்களின் பிள்ளைகளைப் பார்த்தே அது கூடுதலாகப் பயந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்ற் ஜைல்ஸ் சேரிகளில் அடைந்து வாழ்ந்த ஐரிஷ் பெடியன்கள். 1898ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் பத்திரிகைகள் ஒரு புதுச்சொல்லைத் தலைப்புகளில் பரப்பின: 'ஹூலிகன்'. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'காவாலி' என்று சொல்வோமே, அதற்குச் சமமான சொல். தெருச் சண்டியருக்கு இந்நகரம் சூட்டிய பெயர் ஒரு ஐரிஷ் குடும்பப் பெயரின் சாயலில் இருந்தது தற்செயலானதல்ல. 1970களில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். 1824ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தைத் தூசு தட்டியெடுத்து, 'சந்தேகத்துக்குரியவன்' என்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்பின இளைஞர்களைப் பொலிசார் கைதுசெய்தார்கள். 1981 ஏப்ரலில் பிறிக்ஸ்ரன் எரிந்தது. அந்த ஆண்டே அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது.

இவர்களுக்கு நடுவில் வந்த யூதர்களின் கதை எம்மவர் ஊன்றிப் படிக்கவேண்டியது. 1880களிலிருந்து ரஷ்யப் பேரரசின் இனக்கலவரங்களுக்குத் தப்பி ஆயிரக்கணக்கான யூதர்கள் வைற்சப்பலிலும் ஸ்ரெப்னியிலும் வந்து குடியேறினார்கள். லண்டனில் ஏற்கெனவே வேரூன்றி வசதியாக வாழ்ந்த பழைய யூதக் குடும்பங்களுக்கு இது சங்கடமாக இருந்தது. புதிதாக வந்த ஏழைகளால் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. 1950களிலும் 60களிலும் டொக்டர்களாக, எஞ்சினியர்களாக வந்த தமிழர்களுக்கும் 83க்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கும் இடையில் நிலவிய இடைவெளியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பழைய குடும்பங்கள் பயத்தோடு நின்றுவிடவில்லை. 1895இல் யூதச் சிறுவர் படையணி. 1896இல் வைற்சப்பலில் பிறேடி வீதிச் சிறுவர் கழகம். நீதிமன்றத்தில் அகப்பட்ட யூதச் சிறுவர்களுக்கென 1901இல் ஹேய்ஸில் ஒரு தொழிற்பள்ளி. இன்று எம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கும் அதே ஹேய்ஸ்தான். 1914இல் பஸில் ஹென்றிக்ஸ் என்ற இளைஞர், ஒக்ஸ்போர்ட் படிப்பை முடித்துக்கொண்டு கிழக்கு லண்டனின் சேரிக்கே வந்து சிறுவர் கழகமொன்றைத் தொடங்கினார். மனைவி ரோஸோடு அங்கேயே தங்கி வாழ்ந்தார். 1936இலிருந்து 1955 வரை கிழக்கு லண்டன் சிறுவர் நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவரும் அவரே. கழகத்தில் பெடியன்களோடு விளையாடிய மனிதர்தான் நீதிமன்ற ஆசனத்திலும் இருந்தார். வைற்சப்பல் பக்கத்தில் அவர் பெயரால் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. இந்தக் கழகங்கள் குற்றமற்றவை அல்ல. பிள்ளைகளின் யித்திஷ் மொழியை மறக்கடித்து ஆங்கிலேயராக்குவதும் அவற்றின் நோக்கமாக இருந்தது. என்றாலும், பெயரைக் கெடுத்த பெடியனும் தங்கள் பெடியன்தான் என்பதை அவர்கள் மறுக்கவில்லை.

இனி எமது கதைக்கு வருவோம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அதன் பின்னரான அவசரகாலச் சட்டங்களும் வந்தபின் வடக்கு கிழக்கில் இளைஞனாக இருப்பதே குற்றமாயிற்று. விசாரணையின்றி 18 மாதங்கள் வரை அடைத்துவைக்கச் சட்டம் இடம்கொடுத்தது. இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பயந்தும், இயக்கங்கள் பிள்ளையைக் கொண்டுபோய்விடுமோ எனப் பயந்தும், தாய்மார் காணியை ஈடுவைத்தும் தாலிக்கொடியை விற்றும் பதினைந்து பதினாறு வயதுப் பெடியன்களை ஏஜென்சிக்காரரின் கையில் ஒப்படைத்தார்கள். 1985இல் பிரித்தானியா இலங்கையர்க்கு விசாக் கட்டாயம் விதித்தது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படி விதிக்கப்பட்டது அதுவே முதற்தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமானநிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஆடைகளைக் களைந்து போராடினார்கள். இந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் பெடியன்கள் உள்ளே வந்தார்கள்.

வந்தவர்களின் நிலை என்ன? பலரிடம் இருந்தது ஏஜென்சி கொடுத்த கடவுச்சீட்டு. அதில் வயது 24 என்றிருக்கும், பெடியனுக்கு 16. உண்மை வயதைச் சொன்னால் நம்பப்பட்டவர்களும் உண்டு, நம்பப்படாதவர்களும் உண்டு. வயதை எப்படி மதிப்பிடுவது என்பதற்கான முறையான நீதிமன்ற வழிகாட்டல் 2003இல், மேர்ட்டன் மாநகரசபை தொடர்பான வழக்கில்தான் கிடைத்தது. 1816 முதல் சட்டம் படிப்படியாகக் கட்டியெழுப்பிய சிறுவர் பாதுகாப்பு அத்தனையும், பிறந்த திகதியொன்றை நிரூபிக்க முடியாத பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

ஒரு அறையில் ஆறுபேர். மேலே ஏஜென்சிக் கடன், பின்னால் அக்காவின் சீதனம். முதல் ஆறு மாதங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஹோம் ஒபிஸின் முடிவுக்கு ஐந்து வருடம், எட்டு வருடம் காத்திருப்பு. கிடைத்தது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. தெருவிலோ இனவெறி. 1992இன் தொடக்கத்தில் ஈஸ்ற்ஹாமில் தமிழ் அகதி இளைஞர் ஒருவர் இனவெறியர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். பெடியன்கள் கூட்டமாக நடக்கத் தொடங்கினார்கள். பாதுகாப்புக்காகச் சேர்ந்த கூட்டங்களில் சில, ஊர்ப் பெயராலும் தெருப் பெயராலும் பிரிந்து ஒன்றோடொன்று மோதின. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஈஸ்ற்ஹாம், வெம்பிளி, ரூட்டிங் பகுதிகளில் வாள்வெட்டும் கொலையும் நடந்தன. லண்டன் பொலிசார் 'ஒப்பரேஷன் என்வர்' என்ற பெயரில் தமிழர் குழுக்களுக்கென்றே தனிப்பிரிவை வைத்தார்கள். கடலுக்கு அப்பால் ரொறன்ரோவிலும் இதுவே நடந்தது. வெட்டியவனும் தமிழன், வெட்டுப்பட்டவனும் தமிழன்.

யுத்தத்தைக் கண்ட பெடியன் அப்படித்தான் இருப்பான் என்று அன்று சுலபமாகச் சொன்னார்கள். அது உண்மையானால், அதே யுத்தத்தைக் கண்டு, அதே கப்பலிலும் அதே லொறியிலும் வந்து, இரவெல்லாம் வேலைசெய்து தங்கைமாரைக் கரைசேர்த்த ஆயிரக்கணக்கான பெடியன்களுக்கு என்ன விளக்கம்? யுத்தம் மட்டும் காரணமல்ல. ஒரு பெடியனுக்குப் பக்கத்தில், அவன் மதிக்கின்ற, அவன் சொல்வதைக் கேட்கின்ற மூத்தவர் ஒருவர் இருந்தாரா என்பதே பலரது வாழ்வில் வித்தியாசத்தை உண்டாக்கியது. மாமன் வீட்டில் தங்கியவனுக்கும் முன்பின் தெரியாதவர்களோடு அறையைப் பகிர்ந்தவனுக்கும் இடையிலான தூரம் அது. 1816இன் பட்டியலில் 'பெற்றோரின் நடத்தை' என்றிருந்த இடத்தில், எமக்குப் பெற்றோரே ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்கள்.

எமது சமூகம் இந்நகரில் கட்டியவை குறைவானவையல்ல. 1981இல் விம்பிள்டன் பிள்ளையார் கோயில், 1986இல் ஹைகேற் முருகன் கோயில். சனிக்கிழமைப் பள்ளிகள், பழைய மாணவர் சங்கங்கள், அரங்கேற்றங்கள். 1986இல் தொடங்கிய நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் போன்றவை அகதிகளின் வழக்குகளுக்காக அயராது ஓடித் திரிந்தன. ஆனால் தேவாரம் பாடாத, வயலின் படிக்காத, கல்லூரிப் பெயர் சொல்ல இல்லாத பெடியன் மாலை ஏழுமணிக்கு வந்து இருப்பதற்கு ஒரு இடம் தேடினால், அது தெருமுனையாகத்தான் இருந்தது.

அவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த இடம் பெல்தம். 1850களில் வறிய பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளியாக எழுந்து, 1910இல் போர்ஸ்ரல் ஆகி, இன்று இளங்குற்றவாளிகள் சிறையாக இருக்கும் இடம். எம்மைச் சுமந்துவந்த விமானங்கள் இறங்கிய ஹீத்ரோவுக்கு அயலில்தான் இருக்கிறது. 2000 மார்ச்சில் அங்கே சாஹிட் முபாரக் என்ற 19 வயது இளைஞர், விடுதலையாகவேண்டிய நாளன்று அதிகாலையில், இனவெறி பிடித்த அறைத்தோழனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். சவர அலகுகள் திருடியது உட்பட்ட சிறு குற்றங்களுக்காக 90 நாள் தண்டனை பெற்றவர் அவர். 2006இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 186 தவறுகளைச் சுட்டிக்காட்டியது. சிறையின் நிலை தீமையை வளர்க்கிறது என்று 1816இல் எழுதியவர்கள் அதைப் படித்திருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000களில் 3,000 அளவில் இருந்த சிறைப்பட்ட சிறுவர் தொகை இப்போது 500க்கும் கீழே இறங்கியிருக்கிறது. சிறுவரைச் சிறையிலிடாமலும் ஒரு நாடு இயங்க முடியும். ஆனால் 2021அளவில் அப்படிச் சிறையிலிருந்தவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் சிறுபான்மை இனத்துப் பிள்ளைகள். அந்தப் பழைய பயம் இன்னும் ஆளைத் தெரிந்துதான் பிடிக்கிறது. பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவனுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி, 12 மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவன் நாடுகடத்தப்படுவதே பொதுவிதி. தீர்ப்பு நாளில் 18 வயது நிரம்பாதவனுக்கு அதிலிருந்து விலக்குண்டு. ஒரு பிறந்தநாள் இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்பதில் ஒரு வாழ்வே தங்கியிருக்கிறது.

அன்று வந்த பெடியன்களுக்கு இன்று ஐம்பது வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள், பாஸ்போட் உள்ளவர்கள். இது இனி எம்மைத் தொடாது என்று நினைப்பவர்கள் பலர். பொலிஸ் நிலையத்தில் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் விசாரிக்கும்போது பக்கத்தில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். 2013 வரை 17 வயதுப் பிள்ளைக்கு அந்த உரிமைகூட இருக்கவில்லை. தாய் தகப்பன் வர முடியாவிட்டால் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கலாம். முதற்தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றம் வரும் பிள்ளையைப் பெரும்பாலும் ஒரு குழுவின் முன் அனுப்புகிறார்கள். 2002 முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள அந்தக் குழுவில் அப்பகுதி மக்கள் இருவர் தொண்டர்களாக அமர்கிறார்கள். பிள்ளையோடும் பெற்றோரோடும் இருந்து பேசி, செய்த பிழைக்கு என்ன ஈடு, இனி என்ன வழி என்று தீர்மானிக்கிறார்கள். ஊர்ப்பெரியவர்கள் முற்றத்தில் கூடிப் பேசித் தீர்த்ததற்கு இந்நகரில் இருக்கின்ற மிக நெருங்கிய உறவு அதுதான். அதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம். பயிற்சியை அவர்களே தருகிறார்கள்.

நியூஹாமிலும் பிறெண்டிலும் ஹரோவிலும் மேர்ட்டனிலும் அந்த நாற்காலிகள் இருக்கின்றன. கோயில் தர்மகர்த்தா சபைக்கு ஆள் சேர்ப்பதில் காட்டுகின்ற அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டலாம். அங்கே வந்து நிற்கின்ற பிள்ளை தமிழ்ப் பிள்ளையாக இருக்கவேண்டும் என்றுமில்லை. சோமாலியப் பிள்ளையாக இருக்கலாம், அல்பேனியப் பிள்ளையாக இருக்கலாம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் எம் பெடியன்கள் நின்ற இடத்தில்தான் அவர்களும் நிற்கிறார்கள்.